நிழல் விருந்து

டெல்பின் கூடத்துக்குள் நுழைந்தபோது உப்பளம் தூங்கிக்கொண்டிருந்தது.

எதிரே சாம்பல் பூத்த வெள்ளைச் சுவர். அதை ஓவியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுண்ணாம்பு அடித்துவிட்டு வர்ணத்துக்குக் காத்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அவள் விளக்கின் திருகை மெல்லத் திருப்பினாள். அடிவானத்தில் ஊதா கசிந்தது. மடை திறந்துவிட்டது போல ஒரு பாத்தியில் ரோஜா நிறம் பரவி, வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குப் போயிற்று. இன்னும் கொஞ்சம் திருப்பினால் வெயில் ஏறும், உப்புக் குவியல்கள் கண் கூசும்படி வெளுக்கும். தினமும் காலையில் ஓர் உப்பளத்தைத் தன் கையால் விடிய வைப்பதுதான் டெல்பினின் வேலை. எத்தனை வருஷமானாலும் அந்த நேரத்தில் அவளுக்கு மூச்சு ஒரு கணம் நின்று வரும்.

அன்றைக்கும் நின்றது. ஆனால் காரணம் வேறு. நடுவிலிருந்த ஒரு பாத்தி விடியவே இல்லை. சுற்றிலும் நிறம் ஏறிக்கொண்டிருக்க, அது மட்டும் அவிந்த அடுப்பின் சாம்பல் போலக் கிடந்தது. விளக்கைக் கூட்டினாள், குறைத்தாள். ஒளிமானியை எடுத்துவந்து சுவரோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். ஒளியில் குறை இல்லை. பாத்திக்குத்தான் உயிர் இல்லை.

'உப்பளம்' மடிநிறத்தில் வரைந்த ஓவியம். தூத்துக்குடியே இப்போது மடிநிறத்தில்தான் இருந்தது. ஒளி பட்டால் அந்தச் சாயத்தின் மூலக்கூறுகள் மடியும், மடிகிற அளவுக்குத் தகுந்த நிறம் வரும். இருட்டில் விரிந்து பழையபடி வெளுத்துவிடும். தெருவில் வீடுகள் எல்லாம் காலையில் மஞ்சளாக விழித்து, உச்சிவெயிலில் பால்வெள்ளையாகிச் சூட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாயங்காலம் செம்பருத்தி நிறத்துக்கு வந்து சேரும். கல்யாணப் புடவைகள் மண்டபத்துக்குள் ஒரு நிறம், வாசலில் ஒரு நிறம். கரையில் நிற்கிறவர்கள் விசைப்படகின் பக்கப்பலகையைப் பார்த்தே மணி என்ன என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் மடிநிறம் களைத்துப்போகும். மடிந்து விரிந்து, மடிந்து விரிந்து, ஒருநாள் மடிந்த இடத்திலேயே முறிந்துவிடும். சுவருக்குக் களைப்பு வந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். புடவைக்கு வந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம். ஓவியத்துக்கு வந்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் ஒளிப்பேணுநர்கள் என்றொரு கூட்டம் உண்டாயிற்று. ஒவ்வோர் ஓவியத்துக்கும் எவ்வளவு வெளிச்சம், எந்த நிற வெளிச்சம், எவ்வளவு நேரம் என்று அவர்கள் ஒளிப்பத்தியம் வகுத்துத் தருவார்கள். துறைமுகச் சாலை ஒளியோவியக் கூடத்தில் டெல்பின் பர்னாந்துதான் தலைமைப் பேணுநர். பத்தியத்தில் அவளைப் போலக் கறாரானவர் கரையோரத்தில் கிடையாது என்று பெயர்.

'உப்பள'த்துக்கு அவள் செய்யாத பணிவிடை இல்லை. வடிகட்டிய விளக்கு, குளிரூட்டிய காற்று. பார்வையாளர்களை ஒரு கை எண்ணிக்கைக்கு மேல் உள்ளே விடமாட்டாள். அவர்களும் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். யாருடைய நிழலும் ஓவியத்தின்மேல் விழக்கூடாது என்று விளக்குகளைக் கூரையில் பொருத்தியிருந்தாள். தூசி தும்பு இல்லாமல், ஆடாமல் அசையாமல், ஒரே சீரான ஒளி. அப்படிப் பார்த்துக்கொண்டும் இப்படி.

அவள் ஓவியரை அழைத்துச் சொன்னாள். ஆவுடைச்செல்வி ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது அவளுடைய விரல்கள் கருநீலமாக இருந்தன. கூடத்துக்குள் நடந்துவர வர அவை வெளிறி, சுவர் முன்னால் வந்து நிற்கையில் சாதாரண விரல்களாகிவிட்டன. சாயம் தோலோடு ஊறிப்போன கை.

செத்த பாத்தியை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மட்டமான சாயத்தைப் போட்டுட்டேன்னு சொல்லப் போறியாக்கும்?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. சாயம் நல்ல சாயந்தான். ஏன்னுதான் தெரியல."

"நான் சொல்லுதேன். நீ அதைக் கண்ணாடிப் பெட்டியில வச்ச பிள்ளை மாதிரி வளத்துட்ட. ஓவியத்தைப் பாக்க வாரவங்களுக்கு மூச்சு விடக்கூட பயமா இருக்கு இங்கன."

இந்தச் சண்டை பழையது. ஆவுடைச்செல்விக்குத் தன் ஓவியத்தை நாலு பேர் இடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு, மிட்டாய் தின்றுகொண்டு பார்க்க வேண்டும். டெல்பினுக்கு அந்த ஓவியம் தன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டாத மாதம் கிடையாது. சண்டை முடிந்ததும் ஒன்றாகப் போய் மக்ரூன் வாங்கித் தின்னாத மாதமும் கிடையாது.

மத்தியானத்துக்குள் பேணல் வாரியத் தலைவர் இசக்கியப்பன் வந்துவிட்டார். ஓவியத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் எடுக்கும் முடிவுகளில்தான் தப்பிக்க இடமிருக்காது.

"இருட்டறைக்குக் கொண்டுபோயிருவோம்மா," என்றார். "மிச்சம் இருக்கதாவது மிஞ்சும்."

இருட்டறை பூமிக்குக் கீழே இருந்தது. களைத்த ஓவியங்களைச் சுவரோடு பெயர்த்து அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ஒளியே படாததால் அவை ஒருநாளும் கெடாது. ஒளியே படாததால் அவற்றில் ஒன்றும் தெரியவும் தெரியாது. வரிசை வரிசையாக வெள்ளைப் பலகைகள். போன வருஷம் டெல்பினே மூன்று ஓவியங்களை அப்படி அனுப்பியிருந்தாள். சரியான காரியம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

"ஒருத்தரும் பாக்காத எடத்துல பத்திரமா இருக்கும்னா, அதை நான் எதுக்கு வரைஞ்சேன் சார்?" என்றாள் ஆவுடைச்செல்வி. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேற வழி இருந்தா சொல்லுங்க, கேக்குதேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் டெல்பினுக்கு நேரம் தாரேன்," என்று சொல்லிவிட்டு இசக்கியப்பன் போனார்.

வாசல்வரை வந்த ஆவுடைச்செல்வி ஸ்கூட்டரில் ஏறாமல் நின்றாள். "ஏட்டி, அதே தொட்டியில கலக்குன சாயம். அதே வாரம். பழைய பஸ் ஸ்டாண்டுச் சுவத்துல விளையாட்டா அதே படத்தை ஒருக்கா வரைஞ்சேன். அது ஜம்முனு இருக்கு. தெரியுமா ஒனக்கு?"

"மேக்க பாத்த சொவரு அது. நெத்தியில வெயில் அடிக்கும். ஒரு வருஷம் தாங்காதே."

"தாங்காதுல்லா? வா, வந்து பாரு."

அவர்கள் போனது பிற்பகலில். வெயில் சாய்வாக இறங்கிச் சுவரில் அறைந்துகொண்டிருந்தது. திருச்செந்தூர் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. ஆள்களின் சந்துபொந்துகளில் டெல்பின் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ரோஜா நிறப் பாத்திகள். உப்புக் குவியல்களின் சுண்டியிழுக்கும் வெள்ளை. வரப்பில் ஈரம் மின்னியது. அவளுடைய கூடத்தில் அந்த ஓவியம் இப்படி இருந்ததே இல்லை, திறப்பு விழா அன்றைக்குக்கூட.

"நீங்க வந்து பூசிட்டுப் போறியளாக்கா?"

"எனக்கு வேற சோலி இல்லையா? தொட்டே வருஷமாச்சு."

பஸ் வந்தது. கூட்டம் மொத்தமாக ஓடியது. சுவர் முழுசாகத் திறந்தது. அப்போதுதான் டெல்பின் மேல்பாதியைப் பார்த்தாள். மேலே வானம் வரைந்திருந்த இடம் முழுக்கச் செத்துச் சாம்பலாகியிருந்தது. கீழ்ப்பாதி உயிரோடு இருந்தது. செத்ததற்கும் உயிரோடிருப்பதற்கும் நடுவே ஓடிய கோடு நேராக இல்லை. மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிப் போயிற்று. டெல்பின் அந்தக் கோட்டை விரலால் காற்றில் வரைந்துகொண்டே போனாள். ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி மேடு. வலப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் உயிருள்ள நிறம் கம்பு போல நீளமாக வானத்துக்குள் ஏறியிருந்தது.

அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு பஞ்சுமிட்டாய்க்காரர் உயரமான கம்பில் பொட்டலங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் அவர் முதுகில் விழுந்தது. அவருடைய நிழலும் கம்பின் நிழலும் சுவரில் ஏறியிருந்தன. அவர் காலை மாற்றி நின்றார், கம்பின் நிழல் அசைந்தது.

"அக்கா," என்றாள் டெல்பின். "இது ஆளுங்க தலை. இந்தக் கோடு ஆளுங்களோட தலை!"

"என்னட்டி சொல்லுத?"

"வெயில் பட்ட எடம் செத்துப்போச்சு. நெழல் வந்து வந்து போன எடம் பொழைச்சுக் கெடக்கு."

அடுத்த பஸ்ஸுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. டெல்பின் ஒளிமானியைச் சுவரில் ஒட்டி வைத்தாள். அதன் முகப்பில் ஒளியின் அளவு ஓடும் கோடாகத் தெரியும். கூடத்தில் அது பலகை மாதிரி நேராக இருக்கும். இங்கே அது குதித்தது. ஒரு தாய் பிள்ளையை இடுப்பு மாற்றினாள், கோடு விழுந்தது. ஒரு பெரியவர் குனிந்து செருப்பை மாட்டினார், ஏறியது. இரண்டு பெண்கள் சிரித்துச் சாய்ந்தார்கள், விழுந்து ஏறி விழுந்தது. டெல்பின் அதைப் பார்த்துக்கொண்டே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் அவ்வளவு எளிது. மடித்த துணியை உடனே உதறினால் மடிப்பு போய்விடும். நாளெல்லாம் மடித்தே வைத்தால் தடம் விழும், தடம் விழுந்த இடத்தில்தான் கிழியும். மடிநிறமும் அப்படித்தான். கண நேரம் நிழல் பட்டால் மூலக்கூறு விரிந்து ஓய்வெடுத்துக்கொள்கிறது. நிழலே படாமல் பகல் முழுக்க மடிந்தே இருந்தால் இறுகிப்போகிறது, இரவு வந்து இருட்டினாலும் விரிவதில்லை; இறுகியதும் நிறம் அவிந்து சாம்பலாகிவிடுகிறது. கொன்றது வெளிச்சம் இல்லை. விடாத வெளிச்சம். யாருடைய நிழலும் விழக்கூடாது என்று தான் கூரையில் ஏற்றி வைத்த விளக்குகளை நினைத்தபோது டெல்பினுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆவுடைச்செல்வி பஞ்சுமிட்டாய் வாங்கிவந்து நீட்டினாள். இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து தின்றார்கள். டெல்பின் சிரித்துத்தான் விட்டாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. முதலில் விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுப் பார்த்தார்கள். ஓவியம் மொத்தமும் கண் சிமிட்டியது. பார்க்கவந்த ஆசிரியை ஒருவர் தலை சுற்றி வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். அதோடு, எல்லா மூலக்கூறும் ஒரே நேரத்தில் விரிந்ததால் படமே மறைந்து, திரும்பிவர நேரம் எடுத்தது. நிழலுக்கு ஓர் ஓரம் வேண்டும், அந்த ஓரம் நகர வேண்டும். நகரும்போதுதான் விரிகிற மூலக்கூறு பக்கத்திலிருப்பதையும் இழுத்து விரிக்கிறது என்று டெல்பின் கண்டுபிடித்தாள். உடனே அட்டைகளை வெட்டி, மின்விசிறி மோட்டாரில் கட்டி 'நிழலாட்டி' என்று ஓர் இயந்திரம் செய்தாள். அழகாகச் சுற்றியது. சில நாள் ஓடியதும் ஓவியத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழ ஆரம்பித்தது. இயந்திரம் போன வழியிலேயே போயிற்று, வந்த வழியிலேயே வந்தது. நிழல் பட்ட இடத்திலேயே பட்டது, படாத இடத்தில் படவே இல்லை.

"ஏட்டி, எதுக்கு இந்தப் பாடு?" என்றாள் ஆவுடைச்செல்வி. "போன வழியில திரும்பி வராத சாமான் ஊரு பூரா கெடக்கே. ரெண்டு காலு, ரெண்டு கையி. கூப்பிட்டா வரப்போவுது."

டெல்பின் நிழலாட்டியை நிறுத்தினாள். விசிறிச் சத்தம் அடங்கியதும் கூடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அவளுக்கு முதல்முறையாக உறைத்தது.

மாதக் கடைசியில் வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. விளக்குகளைக் கூரையிலிருந்து இறக்கி, எதிர்ப்பக்கம் கம்பங்களில் ஆள் உயரத்துக்குப் பொருத்தியிருந்தார்கள். கயிற்றை அவிழ்த்து எடுத்திருந்தார்கள். ஆவுடைச்செல்வி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்: வாங்க, வந்து உப்பளத்துக்கு நிழல் குடுங்க. தேர்த்திருவிழாவில் வாசிக்கும் பேண்டு கோஷ்டியையும் கூட்டிவந்திருந்தாள். ஊர் வந்தது. பெண்கள் மடிநிறப் புடவைகளில் வந்தார்கள். வாசலில் பச்சையாக இருந்தவை உள்ளே வந்ததும் தாமரை நிறமாயின. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். இசக்கியப்பனும் வந்தார், இருட்டறைக்குச் சுவரைப் பெயர்க்க ஆள் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

வந்தவர்கள் எல்லாரும் கயிறு இருந்த இடத்துக்கு இந்தப் பக்கமே நின்றார்கள்.

கயிறு இல்லை. ஆனாலும் நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, கோயில் நடை சாத்தியிருக்கும்போது நிற்பது போல. பேண்டு ஒரு பாட்டைத் தொடங்கி, யாரும் அசையாததைப் பார்த்துச் சுருதி இறங்கி, பாதியில் நின்றது. ஒரு குழந்தை முன்னால் ஓடப் பார்த்தது. அம்மா இழுத்துப் பிடித்தாள். "ஷ்... அந்த அம்மா ஏசுவாவ," என்றாள். அந்த அம்மா என்றது டெல்பினை.

டெல்பினுக்குச் சுருக்கென்றது. இந்த ஊரை இப்படி நிற்கப் பழக்கியது தான்தான் என்று தெரிந்தது. என்ன பேசினாலும் இவர்கள் நகரமாட்டார்கள் என்றும் தெரிந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள். தரையில் கயிறு கிடந்த தடத்தைத் தாண்டி நடந்து, விளக்குக்கும் ஓவியத்துக்கும் நடுவில் போய் நின்றாள். வாழ்நாளில் ஓர் ஓவியத்தின் வெளிச்சத்தை அவள் மறைத்ததே கிடையாது. தன் நிழல் உப்பளத்தின்மேல் விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் உடம்பு கூசியது. கையைத் தூக்கினாள். நிழலும் தூக்கியது. என்ன செய்வதென்று தெரியாமல், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடிய கும்மியின் முதல் அடியை எடுத்து வைத்தாள்.

நன்றாக ஆடினாள் என்று சொல்லமுடியாது. கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஆனால் பேண்டில் டிரம் அடிக்கிறவர் அதைப் பார்த்துவிட்டார். அவள் கால் எங்கே விழுகிறதோ அங்கே அடித்தார். கிளாரினெட் சேர்ந்துகொண்டது. ஆவுடைச்செல்வி, "இரு, வாரேன்!" என்று கத்திக்கொண்டு புடவையை இழுத்துச் செருகியபடி ஓடிவந்தாள். அம்மாவின் கையிலிருந்து அந்தக் குழந்தை நழுவியது. பிறகு யார் முதலில் வந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. கூடம் நிறைந்தது. உப்பளத்துப் பெண்கள் வட்டம் கட்டினார்கள். பையன்கள் தோளில் பையன்களை ஏற்றிக்கொண்டார்கள். புடவைகள் விளக்கருகே சிவந்து, நிழலில் வெளிறி, மறுபடி சிவந்தன. சுவரில் நூறு நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கின. அவற்றுக்கு அடியில் பாத்திகள் அலை அடிப்பது போல நிறம் மாறின.

"வானத்துக்கு எட்டலயே! வானம் காயுது!" என்று யாரோ கத்தினார்கள். குடைகளை விரித்து உயர்த்தினார்கள். துண்டுகளைச் சுழற்றினார்கள். சுவரோரம் ஒதுங்கி நின்ற இசக்கியப்பனின் கையில் ஒரு பாட்டியம்மாள் தன் குடையைத் திணித்துவிட்டுப் போனாள். அவர் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் கல் மாதிரி நின்றார்.

"ஆட்டணும் சார், சும்மா பிடிச்சா போதாது!" என்று டெல்பின் மூச்சிரைக்கச் சொன்னாள். ஆட்டினார். முதலில் குடை மட்டும் ஆடியது. கொஞ்ச நேரத்தில் அவரும்.

ஆவுடைச்செல்விதான் அதை முதலில் பார்த்தாள். டெல்பினின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். செத்துக் கிடந்த பாத்தியின் ஓரத்தில், வரப்பை ஒட்டி, நூல் போல ஒரு ரோஜா நிறம் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாத்தியின் மூலக்கூறுகள் விரிந்து விரிந்து, இறுகிப்போனவற்றையும் இழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தன. நூல் கீற்றாயிற்று. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுதபடியே, நின்றுவிடக்கூடாதே என்று காலை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

இருட்டறைக்குச் சுவர் பெயர்க்க வந்தவர்களை இசக்கியப்பன் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே கூட்டிவந்து ஆடவிட்டார். அந்த வாரத்திலேயே டெல்பின் கீழே அனுப்பியிருந்த மூன்று வெள்ளைப் பலகைகளும் மேலே வந்தன. அவற்றில் ஒன்றில் முத்துக்குளிக்கும் தோணி ஒன்று இருந்ததை எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஊரின் பழக்கமே மாறிவிட்டது. பத்திரமாகத் திரை போட்டு வைத்திருந்த வீட்டு ஓவியங்களை ஜனங்கள் முன்னறையில் மாட்டினார்கள். மாட்டியவுடன் அதற்கு நிழல் வேண்டியிருந்தது. நிழலுக்கு ஆள் வேண்டியிருந்தது. "சாயங்காலம் நம்ம வீட்டுப் படத்துக்கு நிழல் விருந்து, வந்துருங்க," என்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார்கள். வருஷக்கணக்கில் பேசாதிருந்த பங்காளிகள்கூட, தாத்தாவின் படம் வெளுக்கிறதே என்று ஒரே அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். மதுரையிலும் கொழும்பிலும் பெரிய பெரிய கூடங்கள் கயிற்றை அவிழ்த்தன. அமைதி காக்கவும் என்ற பலகையைக் கழற்றிவிட்டு ஆடும் தரை போட்டன. ஆளில்லாத கூடங்கள் கல்லூரி வாசலில் போய் நின்று பிள்ளைகளைக் கெஞ்சின.

ஒரே ஒரு குறை. 'உப்பள'த்தை இப்போது யாராலும் முழுசாகப் பார்க்க முடியவில்லை. எந்நேரமும் நாலு பேர் குறுக்கே. ஓவியம் உயிரோடு இருந்ததே அவர்கள் குறுக்கே நின்றதால்தான். ஆகவே யாரும் குறை சொல்லவும் முடியவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு இசக்கியப்பன் ஓவியத்தை ஒரு புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும் என்றார். கூடத்தைச் சிறிது நேரம் காலி செய்ய வேண்டும். டெல்பின் தயங்கித் தயங்கிச் சம்மதித்தாள். ஜனங்களைப் பின்சுவருக்கு ஒதுக்கி, விளக்குகளுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். பேண்டு நின்றது. கடைசி ஆள் விலகியதும் உப்பளம் திறந்தது.

செத்த பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. எல்லாப் பாத்தியிலும் தண்ணீர் இருந்தது என்றே சொல்லலாம். மேலே வானம் சில இடங்களில் பளிச்சென்றும் சில இடங்களில் மங்கியும் இருந்தது. இரண்டும் சந்திக்கிற இடத்தில், ஆவுடைச்செல்வி வெறுமையாக விட்டிருந்த நீண்ட வரப்பின்மேல், ஏறி இறங்கும் ஒரு விளிம்பு உண்டாகியிருந்தது. தலைகள், தோள்கள், உயர்த்திய கைகள், நடுவில் ஒரு குடை போன்ற வளைவு. தூரத்திலிருந்து பார்த்தால் உப்பளத்து வரப்பில் ஒரு கூட்டமே வந்து நிற்பது போலிருந்தது.

"நான் ஆள் வரையலியே," என்றாள் ஆவுடைச்செல்வி மெதுவாக. "அப்போ எனக்கு ஆள் வரைய வராது. அதான் உப்பை மட்டும் போட்டேன்."

இசக்கியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டெல்பின், ஓவியரு வரைஞ்சது வரைஞ்சபடி இருக்கணும்கிறதுதான நம்ம தொழிலு? இதை என்னன்னு எழுத? காப்பாத்திட்டோம்னா, மாத்திட்டோம்னா?"

வேறு யாராவது ஓவியத்தில் இப்படி ஒரு விளிம்பைப் போட்டிருந்தால் டெல்பினே அதைப் போக்கியிருப்பாள். போக்க ஒரே வழி, எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவது. அனுப்பினால் உப்பும் போய்விடும்.

"அந்தக் குடை நீங்கதான் சார்," என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் மெல்லச் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஜனங்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, இமைக்காமல், அசையாமல் நின்றார்கள். ஓர் ஓவியத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்து டெல்பின் பார்த்ததில்லை. இந்த மரியாதைக்காகத்தான் அவள் இந்தத் தொழிலுக்கே வந்தாள். அவளும் அசையாமல் நின்றாள். படம் எடுத்து முடிந்துவிட்டது என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் ஓரத்துப் பாத்தி ஒன்றின் ரோஜா நிறம் இம்மியளவு வெளிறியதை அவள் கண்டாள்.

"ஒரு நிமிஷம்மா," என்று இசக்கியப்பன் கெஞ்சுவது போல முணுமுணுத்தார். "இப்பத்தான எல்லாரும் முழுசா பாக்காவ."

டெல்பின் விளக்குகளைத் தாண்டி நடந்தாள். அவளுடைய நிழல் வரப்பின்மேல் ஏறி, அங்கே நின்ற கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றது.

"யம்மா, மறைக்கியளே!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள். "கொஞ்சம் தள்ளுங்களேன், நல்லா இருக்குல்லா!"

"நல்லா இருக்குன்னுதாம்மா மறைக்கேன்," என்றாள் டெல்பின் திரும்பாமலே. வானத்தை நோக்கி இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தாள்.